மூன்று பெட்டிகள், ஆறும் பத்தும்

எங்கள் குசினிச் சுவரில் தொங்கிய முருகன் படக் கலண்டரில், ஒரு சனிக்கிழமைக் கட்டத்துக்குள் பிரெஞ்சில் ஒரு சொல்லும் ஒரு நேரமும் எழுதி வைத்தேன்: ஆன்சாந்த், மூன்று மணி. அது என் வேலைக் குறிப்பு. மறுநாள் பின்னேரம் அத்தான் வேலையால் வந்தபோது கையில் லா சப்பல் தமிழ்க் கடையொன்றில் வாங்கிய லட்டுப் பெட்டி இருந்தது.

அக்கா அடுப்பைப் பார்த்தபடி கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாரும், எனக்குச் சொல்லாமல் சுவருக்கோ சொன்னனீர்?" என்றார் அத்தான்.

அக்கா திரும்பவில்லை. அவர் கிட்டப் போய், "உண்மைதானே?" என்று கேட்டார். அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்து, "ஓம்" என்றாள்.

அத்தான் கதிரையில் இருந்துவிட்டார். அவர் பாரிஸுக்கு வந்து பதினைந்து வருடம். மெட்ரோவில் யார் யாருக்கு இருக்கை விட வேண்டும் என்று ஒட்டியிருப்பார்களே, அதில் இருந்து அந்தச் சொல்லை அவருக்குத் தெரியும். ஆன்சாந்த் என்றால் கர்ப்பிணி. கலியாணம் முடித்து மூன்று வருடமாக அவர்கள் இருவரும் காத்திருந்த சொல் அது. அதே சொல்லுக்கு ஸ்பீக்கர் பெட்டி என்றும் ஒரு கருத்து இருப்பது அவருக்குத் தெரியாது. ஒலிக்கருவிக் கடையில் வேலைக்குச் சேரும்வரை எனக்கும் தெரியாது.

நான் விளங்கப்படுத்தினேன். அவர் லட்டுப் பெட்டியைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார்.

"சரி, அப்ப பெட்டிக்கு லட்டுக் குடுப்பம்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "பிறகேன் நீர் ஓம் எண்டனீர்?"

"சாப்பாடு போடவோ எண்டு கேட்டீங்கள் எண்டு நினைச்சன்."

மூன்று பேரும் சிரித்தோம். அன்று சிரித்ததை இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். அக்கா ஏழாம் வகுப்போடு நின்று, தோட்ட வேலைக்குப் போய், என்னை வவுனியாவில் நிறுத்திப் படிக்க வைத்தாள். அதனால் சண்டை முடிந்த வருடம் நான் வன்னிக்கு உள்ளே இல்லை, அவள் இருந்தாள். அந்த வருடக் கடைசியில் நான் பாரிஸுக்கு வந்தேன். அத்தான் அவளை இந்தியாவில் வைத்துக் கலியாணம் செய்து இங்கே கூப்பிட இன்னும் நாலு வருடம் ஆனது. அவள் வந்ததும் நானும் அவர்களோடு மார்க்ஸ் டோர்மோயில் ஒற்றை அறையும் குசினியும் கொண்ட வீட்டுக்கு மாறினேன். அறை அவர்களுக்கு, குசினி எனக்கு.

நீண்ட கால விசாவுக்கு அவள் பிரெஞ்சுச் சோதனை ஒன்று பாஸ் பண்ண வேண்டும். நாலு பகுதி: வாசித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல். எதிலாவது ஒன்றில் இருபத்தைந்துக்கு ஐந்து எடுக்காவிட்டால் மற்ற மூன்றும் எவ்வளவு எடுத்தாலும் தோல்வி. முதல் தடவை அக்காவுக்கு வாசித்தலில் பதினெட்டு. ஏழாம் வகுப்புப் படித்தவள் எடுத்த பதினெட்டு. கேட்டலில் மூன்று.

நான் படிப்பை நம்புகிறவன். எதையும் திரும்பத் திரும்பப் படித்தால் வந்துவிடும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரிந்த ஒரே உண்மை. ஆகவே ஒவ்வொரு நாளும் காலையில் குசினி மேசையில் அவளை இருத்தி, கைபேசியில் பயிற்சி ஒலிப்பதிவுகளைப் போட்டேன். ரயில் எத்தனை மணிக்கு? ஆறுக்கா பத்துக்கா? பிரெஞ்சில் ஆறு சிஸ், பத்து திஸ். பதின்மூன்று த்ரேஸ், பதினாறு சேஸ். அவள் மாற்றி மாற்றிச் சொன்னாள்.

"கவனமாக் கேள் அக்கா. நீ கேக்கிறேல்லை."

"ஓம்."

"என்ன ஓம்? கவனம் எங்கை கிடக்கு?"

"ஓமடா, கேக்கிறன்."

நான் வாயால் சொன்னால் சரியாகச் சொன்னாள். கைபேசி சொன்னால் பிழை. ஆகவே அவளுக்குப் பயம், பிறத்தியார் குரலென்றால் பதற்றம் என்று நான் தீர்மானித்தேன். படித்தவனின் தீர்மானம்.

நான் வேலை செய்த கடை பாரிஸின் ஸ்டாலின்கிராட் பக்கம், மெட்ரோ மேலால் ஓடுகிற இரும்புப் பாலத்துக்கு எதிரே இருந்தது. பாவித்த அம்ப்ளிஃபையர், ரெக்கோர்ட் பிளேயர், ஸ்பீக்கர் எல்லாம் வாங்கித் துடைத்துத் திருத்தி விற்கும் கடை. முதலாளி பாண்டிச்சேரிக்காரர். பாலத்தில் ரயில் வந்தால் அவர் கையை உயர்த்துவார். ரயில் போய் முடியும்வரை யாரும் எந்தப் பெட்டியைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. அது அந்தக் கடையின் சட்டம்.

அந்த மாதம் அவர் ஒரே வீட்டில் இருந்து மூன்று ஜோடி இங்கிலாந்து ஸ்பீக்கர் பெட்டிகளை வாங்கி வந்தார். மூன்றும் ஒரே மொடல், மூன்று காலத்தில் வந்த மூன்று பதிப்பு. ஒரு மனிதர் எழுபதுகளில் ஒன்று வாங்கி, பிறகு திருத்திய பதிப்பு வந்தபோது அதையும் வாங்கி, கடைசியாக வந்ததையும் வாங்கி, பழையதை விற்க மனம் வராமல் மூன்றையும் வைத்திருந்திருக்கிறார்.

"நீதான் படிச்சவனாச்சே" என்றார் முதலாளி. "மூணையும் கேட்டு, ஒண்ணுக்கொண்ணு என்ன வித்தியாசம்னு இன்டர்நெட்டுக்கு எழுதிக் குடு. சும்மா நல்லாருக்குன்னு எழுதாத. அத யாரு வேணா எழுதுவான்."

"ஓம் அண்ணை."

"அண்ணைன்னா யாரோ பெரியவரக் கூப்பிடற மாதிரி இருக்கு. அண்ணான்னு சொல்லேன்பா."

"ஓம் அண்ணை."

முதற் பதிப்பு மெல்லிய பலகையால் செய்தது. விரலால் தட்டினால் இறுகிய பெட்டியின் ஓசை வராது, மரத்தின் ஓசை வரும். பலகை கொஞ்சம் அதிரட்டும், ஆனால் குரல் பேசும் இடத்தில் அதிராமல் இருக்கட்டும் என்று உள்ளே தார்ப் பட்டை ஒட்டியிருந்தார்கள். அதன் உள்ளே ஓசையை எழுப்பும் கூம்பின் மேல் யாரோ தூரிகையால் ஒரு பசையைப் பூசியிருந்தார்கள், தூரிகையின் தடம் இன்னும் தெரிந்தது. இரண்டாம் பதிப்பில் கூம்பு வேறு பிளாஸ்டிக், பசை இல்லை, அதே அளவு சக்திக்குக் கூடச் சத்தம். மூன்றாவதில் உயர்ந்த ஓசைக்கான சிறிய ஸ்பீக்கரையே மாற்றியிருந்தார்கள். வெளியில் மூன்றும் சகோதரங்கள். வீட்டில் அத்தான் இவற்றுக்குக் கர்ப்பிணிகள் என்று பெயர் வைத்துவிட்டார். "கர்ப்பிணிகள் சுகமோ?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார்.

நான் இரண்டு நாள் அவற்றின் முன்னால் இருந்து கேட்டேன். எல்லாவற்றிலும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பெட்டிகளோடு வந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளை அகராதியோடு வாசித்தபோதுதான் ஒரு வழி தெரிந்தது. இந்தப் பெட்டிகளை உண்டாக்கிய ஆட்கள் முதலில் இசையை வைத்துச் சோதிக்கவில்லை. ஓர் ஆளைப் பேசவிட்டு, அதே ஆளின் பதிவைப் பெட்டியில் போட்டு, இரண்டுக்கும் முன்னால் திரை கட்டி, இப்போது பேசுவது ஆளா பெட்டியா என்று கேட்டிருக்கிறார்கள். வயலின் எப்படி இருக்கும் என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து வேறுபடும். மனிதக் குரல் எல்லோருக்கும் தெரியும்.

அதைத்தான் சனிக்கிழமை மூன்று மணிக்குச் செய்வதாகக் கலண்டரில் எழுதியிருந்தேன்.

"நானும் கர்ப்பிணியளைப் பார்க்க வாறன்" என்றாள் அக்கா. அத்தானுக்கு அன்று வேலை. அவள் எனக்கும் முதலாளிக்கும் புட்டும் மீன் குழம்பும் கட்டிக்கொண்டு வந்தாள்.

கடையின் பின்னறையில் கயிறு கட்டி ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டேன். அதற்குப் பின்னால் மூன்று பெட்டிகள், ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று. நடுவில் நான். என் குரலை முதல்நாளே பதிந்து வைத்திருந்தேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்து, அக்காவின் புத்தகத்தில் இருந்த ரயில் நேரங்களையே வாசித்திருந்தேன்.

முதலில் முதலாளி இருந்து கேட்டார். மூன்றாம் பெட்டியை உடனே பிடித்துவிட்டார். "ஸ் ஸ்ஸுனு எச்சில் தெறிக்குது. நீ அவ்வளவு சுத்தமா பேச மாட்ட." இரண்டாவதை யோசித்துப் பிடித்தார். முதலாவது பேசியபோது, "இது நீ" என்றார். நான் விரிப்புக்கு மேலால் தலையை நீட்டி வாயை மூடிக் காட்டினேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இப்ப அக்கா உக்காரட்டும். பொம்பளைங்களுக்குத்தான் காது நல்லாருக்கும்."

அக்காவிடம் கடதாசியும் பேனையும் கொடுத்தேன். ஆளா பெட்டியா என்று எழுத வேண்டும், கேட்ட நேரத்தையும் எழுத வேண்டும். மூன்று பெட்டிகளையும் மாற்றி மாற்றிப் போட்டேன், இடையிடையே நானும் பேசினேன். இடையில் ஒரு ரயில் போனது, எல்லோரும் காத்திருந்தோம். பன்னிரண்டு தடவை முடிந்ததும் கடதாசியை வாங்கிப் பார்த்தேன்.

ஆளா பெட்டியா என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: தம்பி.

நேரங்களில் ஆறு எல்லாம் பத்தாகியிருந்தது. சில பத்துகள் ஆறாகியிருந்தன. பெட்டிகள் சொன்னதில் பிழை விட்டிருந்தால் நான் வழக்கம்போல் பெருமூச்சு விட்டிருப்பேன். ஆனால் நான் வாயால் சொன்னதிலும் அதே பிழைகள். குசினி மேசையில் நான் வாயால் சொன்ன எதிலும் அவள் பிழை விட்டதில்லை. அதுவும் இதுவும் ஒரே வாய், ஒரே குரல், ஒரே எண்கள். நடுவில் ஒரு படுக்கை விரிப்பு மட்டும் வந்திருந்தது.

நான் விரிப்பை விலக்கி, "சிஸ்" என்றேன்.

"ஆறு."

விரிப்பை மூடி, "சிஸ்" என்றேன்.

நான் விரிப்பை மறுபடி விலக்கினேன்.

"என்ன கேட்டது அக்கா?"

"ஈ எண்டு கேட்டது" என்றாள். "முன்னுக்கும் பின்னுக்கும் ஒண்டுமில்லை."

முதலாளி எழுந்து போய் அம்ப்ளிஃபையரை அணைத்தார். "தம்பி, அக்கா உன் வாயத்தான் பாக்குறாங்கப்பா" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கடையின் முன்பக்கம் போய்விட்டார்.

நான் அன்று நேரத்தோடு வேலையை விட்டு அக்காவோடு வீட்டுக்கு நடந்தேன். பாலத்தின் கீழால் வரும்போது தலைக்கு மேலே ரயில் போனது.

"இது வடிவாக் கேக்குது" என்றாள். "லொறி கேக்கும். கதவு அடிச்சால் கேக்கும். சனம் கதைக்கிறதுதான் ஓட்டை ஓட்டையாக் கேக்கும்."

"எப்ப தொடக்கம்?"

"பங்கருக்குக் கிட்ட ஒண்டு விழுந்தது. மூண்டு நாள் காது கூவிச்சுது. பிறகு கூவல் நிண்டுது. சரி, சுகமாப் போச்சு எண்டு நினைச்சன்."

"ஏன் ஒருதருக்கும் சொல்லேல்லை?"

"ஆருக்குச் சொல்லுறது? பக்கத்திலை கால் இல்லாமல் கிடந்ததுகள். அதுகளுக்கு முன்னாலை நான் போய் எனக்கு அரைவாசி எழுத்துக் கேக்கேல்லை எண்டு சொல்லுறதோ?" கொஞ்சத் தூரம் நடந்த பிறகு சொன்னாள்: "எந்த எழுத்துப் போச்சுது எண்டு இண்டைக்குத்தானே எனக்கே தெரியும்."

தமிழில் அரைச் சொல் கேட்டால் மிச்சத்தை மனம் போட்டு நிரப்பிக்கொள்ளும். பிரெஞ்சில் போடுவதற்கு அவளிடம் மிச்சம் இருக்கவில்லை. விளங்காத இடத்தில் சிரித்து, ஓம் என்று சொல்லிக் கடந்திருக்கிறாள். அந்த ஓம்களை எல்லாம் நான் எத்தனை காலமாகச் சம்மதம் என்று எடுத்திருந்தேன். "கவனமாக் கேள்" என்று நான் சொன்னதற்கும் அவள் ஓம் என்றுதான் சொன்னாள்.

"அக்கா, நான் உன்னை எவ்வளவு ஏசிப்போட்டன்."

"ஓம்" என்றாள். "அது வடிவாக் கேட்டது."

அத்தானிடம் அவளே சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டு இருந்தார்.

"அப்ப எத்தினை தரம் ஓம் எண்டனீர், எல்லாத்தையும் முதலிலை இருந்து திருப்பிக் கேக்க வேணும் போல கிடக்கு" என்றார். "கலியாணத்துக்கு ஓம் எண்டதாவது கேட்டுத்தானோ?"

"அது நீங்கள் ஃபோனிலையெல்லோ கேட்டனீங்கள். இரைச்சல்."

அத்தான் சிரிக்கத் தொடங்கி, பிறகு எழுந்து போய் முகம் கழுவினார்.

காது டொக்டரைச் சந்திக்க ரொந்தேவு கிடைக்க இரண்டு மாதம் ஆனது. மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் அக்காவை இருத்தி, ஹெட்ஃபோன் மாட்டி, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முடிந்ததும் டொக்டர் ஒரு கடதாசியை எங்கள் பக்கம் திருப்பினார். அவர் விளக்கத் தொடங்குமுன்பே எனக்கு விளங்கிவிட்டது. சஞ்சிகைகளில் அந்த மூன்று பெட்டிகளுக்கும் போட்டிருந்த அதே மாதிரிக் கோடு. இடப்பக்கம் தாழ்ந்த ஓசை, வலப்பக்கம் உயர்ந்த ஓசை. முதற் பதிப்பின் கோடு வலப்பக்கம் கொஞ்சம் இறங்கும், அதை வீட்டில் அக்காவுக்கும் காட்டியிருந்தேன். அக்காவின் கோடு இடப்பக்கம் நேராக வந்து, நடுவைத் தாண்டியதும் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் விழுந்தது. மனிதக் குரலின் ஸ், ஃப், ச், த் எல்லாம் அந்தக் கிணற்றுக்குள் இருந்தன.

"நானும் உன்ரை முதலாம் மொடல் மாதிரியோ?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லை அக்கா. அது இவ்வளவு இறங்கேல்லை."

டொக்டர் நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று கேட்டார். எனக்கு மொழிபெயர்க்கத் தெரியவில்லை.

அந்த இரண்டு மாதத்துக்குள் நான் கடைக்கான கட்டுரையை எழுதி முடித்திருந்தேன். எந்தப் பதிப்புச் சிறந்தது என்று எழுதவில்லை. முதலாவது, பேசுகிற ஆளை அறைக்குள் கொண்டுவந்து இருத்துகிறது, ஆனால் அவர் சொல்லின் ஓரங்களைக் கொஞ்சம் மழுக்கிவிடுகிறது என்று எழுதினேன். மூன்றாவது ஓரங்களையெல்லாம் திருப்பித் தருகிறது, ஆனால் ஆள் சில நேரம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறார். இரண்டாவது இரண்டுக்கும் நடுவில் சமாதானம் பேசுகிறது. வாங்குகிறவர் தமக்குத் தெரிந்த ஒருவரின் குரலைப் பதிந்துகொண்டு வந்து கேட்டுப் பார்க்கலாம், தமது காது எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்தேன்.

"கடைசி வரி என்னப்பா? சாமான் விக்க வந்தியா, ஆஸ்பத்திரி தொறக்க வந்தியா?" என்றார் முதலாளி. ஆனால் அந்த வரியை எடுக்கவில்லை. மூன்றாவது ஜோடி முதலில் விற்றது, பிறகு முதலாவது. சமாதானம் பேசிய இரண்டாவது கனகாலம் கடையில் கிடந்தது.

அக்காவுக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி கிடைத்தது. அவள் சந்தோஷப்படுவாள் என்று நாங்கள் இருவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் முகத்தைச் சுளித்தாள்.

"உலகம் முழுக்க பிளாஸ்டிக் பை கசக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள். குளிர்சாதனப் பெட்டி சத்தம் போடும் என்று அவளுக்குத் தெரியாது. அத்தான் தேத்தண்ணி உறிஞ்சுவது இவ்வளவு கேட்கும் என்றும் தெரியாது. "இது உன்ரை மூண்டாம் மொடல்" என்று என்னிடம் முறையிட்டாள். "நான் முதலாம் மொடலிலை ஆறு வருசம் இருந்தனான். பழக வேணுமெல்லோ."

பழகினாள். வீட்டில் கழற்றி வைப்பாள், பிரெஞ்சு வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போவாள். எங்கள் காலைப் பயிற்சியை மாற்றினோம். நான் எதிரே இருந்து சொல்லும்போது கலண்டரைக் கழற்றி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். முருகன் அவளைப் பார்த்தபடி சிஸ், திஸ் என்று சொன்னார். முதல் வாரம் பாதிக்குப் பாதி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது.

இன்னொன்றும் நடந்தது. அவள் "இல்லை" என்று சொல்லத் தொடங்கினாள். குழம்புக்கு இன்னும் உப்புப் போடவோ? இல்லை. ஞாயிற்றுக்கிழமை வில்லியே லே பெல்லில் அத்தானின் சிநேகிதர் வீட்டுக்குப் போவமோ? இல்லை, எனக்குக் களைப்பு. அத்தான் என்னைத் தனியே பிடித்துச் சொன்னார்: "மச்சான், இப்பதான் நான் உன்ரை அக்காவைக் கலியாணம் கட்டின மாதிரிக் கிடக்கு."

இரண்டாம் தடவைச் சோதனைக்கு டொக்டரின் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினோம். அவளை முதல் வரிசையில் ஸ்பீக்கருக்கு நேரே இருத்தினார்கள். திரும்பி வந்தவளிடம் கேள்விகள் எப்படி என்று கேட்டேன். அவள் பெட்டியைப் பற்றித்தான் முதலில் சொன்னாள்.

"சின்னப் பெட்டி, மூலையிலை மேலை கொழுவிக் கிடக்கு. தகரப் பேணிக்குள்ளை கதைக்கிற மாதிரி. உன்ரை முதலாளி கையாலை தொடமாட்டார்."

"நீ எப்பிடிச் செய்தனி?"

"ரெண்டிடத்திலை சந்தேகம். மிச்சம் கேட்டது."

முடிவுக் கடிதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தது. எனக்கு அன்று லீவு. அக்கா கடித உறையைத் தானே கிழித்து, விரலை வைத்து வரி வரியாக வாசித்து, கடைசி வரியில் நிறுத்தினாள். என்னிடம் காட்டவில்லை. நேரே அத்தானுக்கு ஃபோன் எடுத்து, என் காதுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். அவர் வேலை செய்யும் ரெஸ்டோரன்ட் குசினியின் சத்தம் முழுவதும் எங்கள் குசினிக்குள் வந்தது. கோப்பை கழுவும் மெஷின், சட்டி, யாரோ கத்துகிற சத்தம்.

"பாஸ்" என்றாள் அக்கா.

"என்ன?"

"பாஸ் எண்டுறன்."

அங்கே ஏதோ விழுந்தது. பிறகு அத்தானின் குரல், "கேட்டல்? கேட்டல் எத்தினை?"

"திஸ்."

"சிஸ்ஸோ? அது காணுந்தானேயப்பா, அஞ்சுக்கு மேலைதானே."

"சிஸ் இல்லை. திஸ்."

"ஓம் ஓம், சிஸ். நல்லது."

அக்கா என்னைப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் இருந்த கருவியை விரலால் ஒருமுறை தொட்டுக்கொண்டு, ஃபோனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"இஞ்சாருங்கோ, காது கேக்கேல்லையோ உங்களுக்கு?" என்றாள். "பத்து."